அம்மா தூங்கினாளா?

இரவு மணி 2.

வீடு தூங்குகிறது. அலாரம் அடிக்கிறது. அம்மா எழுந்திருக்கிறாள். டார்ச் வெளிச்சத்தில் பிள்ளையின் விரலைப் பிடித்து ஊசியால் குத்துகிறாள். ஒரு சொட்டு இரத்தம். கருவியில் எண் தெரிகிறது: 64.

பிள்ளையை உலுக்கி எழுப்புகிறாள். குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறாள். 15 நிமிடம் காத்திருந்து மறுபடியும் குத்திப் பார்க்கிறாள். 98. இனிப் படுக்கலாம். ஆனால், படுத்தால் தூக்கம் வருமா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடப்பது இது. பையனுக்கு வயது 8. முதல் வகைச் சர்க்கரை நோய். இது மிட்டாய் தின்று வருவது அல்ல. உடம்பின் காவல் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்து விடுகிறது. தாயின் வளர்ப்பில் எந்தக் குற்றமும் இல்லை. உறவினர்கள்தான் இதை நம்ப மறுக்கிறார்கள்!

1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடா நாட்டு டொரண்டோ நகரில், 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைப்பது இல்லை. இன்று பிழைக்கிறார்கள். படிக்கிறார்கள். ஆனால், ஒரு தொல்லை உண்டு. இன்சுலின் கொஞ்சம் கூடினாலும் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடும். தூக்கத்தில் இறங்கினால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். அந்தப் பயத்தில்தான் தாய் விழிக்கிறாள்.

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. வருடக் கணக்கில்!

குடித்தவர் கையில் ஊசியா?

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர், மது குடித்தவரைப் போலத் தடுமாறுகிறார். ஆராய்ச்சியாளர்கள் சோதித்துக் கண்ட உண்மை இது. குடித்தவர் கையில் ஊசியைக் கொடுப்போமா? தூங்காத தாயின் கையில் மட்டும் தினமும் கொடுக்கிறோம். 4 யூனிட் போட வேண்டிய இடத்தில் 14 போட்டுவிட்டால்?

ஆகவே நான் சொல்கிறேன்: தாயின் தூக்கமும் பிள்ளைக்கு மருந்துதான். வாரத்தில் இரண்டு இரவாவது அப்பா விழிக்க வேண்டும்.

"அவர் பகலெல்லாம் உழைக்கிறாரே!" என்பார் மாமியார். மருமகள் பகலில் ஊஞ்சலா ஆடுகிறாள்? பாட்டியும் பழகலாம். விரலில் குத்திப் பார்ப்பது பெரிய வித்தை அல்ல.

தாய்மார்களிடமும் ஒரு குறை உண்டு. "எனக்குத்தான் சரியாகப் பார்க்க வரும்" என்று பிறரை விடமாட்டார்கள். முறை மாற்றிய இரவில் தாய் வேறு அறையில் படுக்க வேண்டும். பக்கத்தில் படுத்தால் பழக்கத்தில் விழிப்பு வந்துவிடும். தினமும் இரவில் பார்க்கத்தான் வேண்டுமா என்று டாக்டரையும் கேளுங்கள். தோலில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரை இறங்கினால் மணி அடிக்கும் கருவிகள் வந்திருக்கின்றன. விலைதான் கையைச் சுடுகிறது!

காரணம் இல்லாத அழுகை, எரிச்சல், எதிலும் பிடிப்பு இன்மை. இவை இரண்டு வாரம் நீடித்தால் "அலுப்பு" என்று தள்ளாதீர்கள். அது நோயாக இருக்கலாம். டாக்டரிடம் போங்கள். 14416 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம். மனநல ஆலோசனைக்காக மத்திய அரசு 2022இல் தொடங்கியது. இரவிலும் பேசுவார்கள். தமிழிலும் பேசுவார்கள். காசு இல்லை.

எங்கள் தெருத் தாயின் வீட்டில் இப்போது புதனும் சனியும் அப்பாவின் முறை. முதல் சனிக்கிழமை, இரவு 2 மணிக்கு அவள் தானாக எழுந்து வந்து கதவருகே நின்றாளாம். "போய்ப் படு" என்றாராம் கணவர். அவரும் அன்று குளுக்கோஸைத் தரையில் கொட்டினார்.

மூன்றாவது வாரம் அவள் எழவில்லை. காலை 7 மணிக்குப் பையன் போய் எழுப்பினான்.

"அம்மா, பசிக்குது!"