சும்மா தொங்கும் பேய்

பேய்ப் படம் எடுக்கப் பணம் அதிகம் வேண்டாம். எதற்குச் செலவழிக்கக் கூடாது என்று தெரிந்திருந்தால் போதும். 2013-ல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, மறு ஆண்டு அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்த 'ஆக்குலஸ்' அப்படிப்பட்ட படம். செலவு சுமார் 50 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் சில்லறைக் காசு. வசூலோ 4 கோடி டாலருக்கும் மேல். வில்லன் ஒரு பழங்கால நிலைக்கண்ணாடி. அது பேசாது, நகராது. சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

இயக்குநர் மைக் ஃபிளனகன் இதே கண்ணாடியை வைத்து 2006-ல் ஒரு குறும்படம் எடுத்தவர். ஓர் அறை, ஒரு நடிகர், அரை மணி நேரம். அதைப் பெரிய படமாக்க முன்வந்த தயாரிப்பாளர்கள் சிலர், அறையில் வைத்த காமிராக்கள் பதிவு செய்ததை மட்டும் காட்டுகிற பாணியில் எடுக்கலாம் என்றார்கள். அன்றைக்கு அந்தப் பாணிக்கு ஏக மவுசு. செலவும் குறைவு. ஃபிளனகன் மசியவில்லை. அவர் செய்தது சரி. காமிரா கண்டதை மட்டும் காட்டினால் பாத்திரங்களின் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்பதைக் காட்ட முடியாது. கதை இருப்பதே அந்த வித்தியாசத்தில்தான்.

கெய்லி (கேரன் கில்லன்) ஏலக் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். சிறுவயதில் அப்பாவைச் சுட்டுக் கொன்ற தம்பி டிம், 11 ஆண்டுகள் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். அப்பா கொடுமைக்காரர், பேய் என்பது பயந்த குழந்தைகள் கட்டிய கதை என்று அங்கே அவனுக்குப் புரிய வைத்திருக்கிறார்கள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா வாங்கி மாட்டிய கண்ணாடிதான் எல்லாவற்றையும் செய்தது என்கிறாள். அதை ஒரு ராத்திரிக்குப் பழைய வீட்டுக்கே கொண்டுவந்து, சுற்றிலும் காமிராக்களையும் அலார கடிகாரங்களையும் வைக்கிறாள். உத்தரத்தில் ஒரு நங்கூரம். அவள் குறித்த நேரத்தில் வந்து கடிகாரத்தைத் திருப்பி வைக்காவிட்டால் அது கண்ணாடிமேல் பாயும். அந்த ஏற்பாடு என்ன ஆகிறது என்று இங்கே சொல்வது நியாயமில்லை.

வளர்த்த நாய் என்ன ஆனது என்பதில்கூட இருவருக்கும் இரண்டு நினைவுகள். முதல் ஒரு மணி நேரம் யாரை நம்புவது என்றே தெரியாது. படத்தின் ஆகக் கொடூரமான காட்சிக்கு ஆன செலவு ஒரு ஆப்பிளும் ஒரு மின்சார பல்பும். ஆனால் அதையும்விட உறைய வைப்பது வேறு. வீட்டுக்குள் அம்மா சங்கிலியில் கிடக்க, குழந்தைகள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓடுகிறார்கள். அவர் அப்பாவிடம் பேசிவிட்டு, அப்பாவை நம்பிவிட்டுப் போய்விடுகிறார். சிறுமி டாக்டர்களுக்குப் போன் செய்கிறாள். எந்த எண்ணைச் சுழற்றினாலும் பேசுவது ஒரே ஆண் குரல். இந்தக் காட்சிகளுக்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை. அடிபடும் குழந்தை சொல்வதை யார் கேட்கிறார்கள்?

பிற்பகுதியில் கண்கள் மின்ன ஆவிகள் வரிசையாக வர ஆரம்பித்ததும் பயம் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அந்தக் கண்ணாடிக்கு ஏன் இந்த வெறி என்று படம் கடைசிவரை சொல்லவில்லை.

நம் ஊர்ப் பேய்களுக்கு இந்த அடக்கம் கிடையாது. ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' (1984) படத்தில் பெட்டிக்குள் பூட்டி வைத்த சாமரியின் தலை வெளியே வந்தே தீரும். குறைந்த செலவில் எடுத்த அந்தப் படம் சக்கைப்போடு போட்டது. ரசிகர்கள் அந்தத் தலையைப் பார்க்கத்தான் போனார்கள். அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் 'ஆக்குலஸ்' கதையை 2017-ல் 'தோபாரா' என்று இந்தியில் எடுத்த பிரவால் ராமன், கண்ணாடிக்குள் ஒரு பெண் பேயையும் குடியேற்றினார். படம் ஓடவில்லை. ஹூமா குரேஷியும் சாகிப் சலீமும் நிஜத்திலும் அக்கா தம்பி. இருவரும் வாக்குவாதம் செய்யும் இடங்களில் பேயை மறந்து அவர்களையே பார்க்கத் தோன்றுகிறது.