பெரிய மார்க்கெட்டும் நகர நிர்மாணமும்

புதுவை நகரிலே பெரிய மார்க்கெட் என ஜனங்களால் வழங்கப்பெறும் குபேர் அங்காடியை இடித்துப் புதியதொரு வாணிபக் கட்டடம் எழுப்புவதென்னும் யோசனை, 2017-இல் அந்நகரம் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்திற் சேர்க்கப்பட்ட பின்னர், சர்க்காருக்கும் வியாபாரிகளுக்குமிடையே பெரியதொரு விவகாரமாய் வளர்ந்தது. முழுவதையும் ஒருங்கே இடித்தல் தகாது, பகுதி பகுதியாகச் செய்க என்று வியாபாரிகள் வற்புறுத்தினர். இதன்கண் பழமையா புதுமையா என்னும் வினாவினும், தீர்மானிப்பவர் யார், வேலை முடியுமளவும் விற்பவர் எங்கே அமர்வர் என்னும் இரண்டுமே முக்கியமானவை என்பது எமது அபிப்பிராயம்.

அங்காடியிற் குறையில்லையென்று கூறுவாரல்லேம். மழைக்காலத்தில் மீன் விற்கும் பகுதியிற் கால்வைத்தவர் எவரும் அங்ஙனம் கூறத் துணியார். ஒடுங்கிய சந்துகளில் தீப்பற்றினால் வெளியேறுவது எளிதன்று. ஆயினும், நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே அவ்வங்காடி நிற்பது வெறும் இடவசதியால் அன்று. 18-ஆம் நூற்றாண்டின் வர்த்தகத்தை நாட்குறிப்பில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் அதனருகிலேயே உள்ளது. வாங்குவோரும் விற்போரும் தலைமுறை தலைமுறையாகக் கூடிய இடம் அது. செங்கல்லைப் போலவே வாடிக்கையும் கட்டடத்தின் ஓர் அங்கமாம்.

பழைய வடிவிலேயே மீண்டும் கட்டலாமே என்பார், கடற்கரைச் சாலையிலுள்ள மேரி கட்டடத்தைச் சுட்டுவர். 2014-இல் இடிந்துவீழ்ந்த அந்நகரசபை மாளிகை, முன்னைத் தோற்றத்தோடே எழுப்பப்பெற்று 2021-இல் திறக்கப்பட்டது. நற்காரியமே. ஆனால் அது காரியாலயம். உத்தியோகஸ்தர் வேறிடத்திலிருந்து மாதச் சம்பளம் பெறலாம். கீரைக்கட்டு விற்பவளுக்கோ ஒருநாள் இடம் போயின் அன்றைய உலையும் போம். சென்னை மூர் மார்க்கெட்டின் சரித்திரத்தையும் ஈண்டு நினைத்தல் தகும். 1900-இல் திறக்கப்பட்ட அது 1985-இல் தீக்கிரையாயிற்று. கடைக்காரர்க்கு அருகே வேறு கட்டடம் அளிக்கப்பட்டது. பழைய பெயருடன் பழைய கூட்டம் செல்லவில்லை. அங்காடி நின்ற நிலமோ இரயில்வேக்கு உரியதாயிற்று.

இனி, தீர்மானிப்பவர் யாரென்பது. பிரெஞ்சிந்தியாவில் நகரசபைகள் 1880-ஆம் வருஷத்துக் கட்டளையால் ஏற்பட்டவை. இந்த அங்காடிக்குப் பெயர் தந்த எதுவார் குபேரும் நகரசபைத் தலைமையினின்று உயர்ந்து 1963-இல் முதலமைச்சரானவரே. அத்தகைய நகரில், 1968-க்குப் பின் 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது! அச்சபையின் காலம் 2011-இல் முடிந்தது. பின்னும் பத்தாண்டுக்கு மேலாகத் தேர்தல் இல்லை. ஆகவே இடிப்புத் தீர்மானத்தை வட்டத்து மக்கள் சார்பில் நின்று வினவுதற்குரிய உறுப்பினர் ஒருவரும் இலர். நிபுணர் வரைந்த படம் எத்துணை அழகியதாயினும் இக்குறையை நிரப்பாது. 1969-ஆம் வருஷத்து நகர நாட்டுப்புறத் திட்டச் சட்டம் ஜனங்களின் ஆக்ஷேபங்களுக்கு இடமளிப்பது மெய்யே. ஆயின் ஆக்ஷேபம் எழுதத் தெரிந்தவர்க்கன்றோ அவ்விடம்?

கடை உரிமம் பெற்றவர் கையிலே பத்திரம் உண்டு. வாதாடுதற்குச் சங்கமும் உண்டு. தரையிலமர்ந்து பூவும் மீனும் விற்கும் பெண்களிடம் இருப்பது அடிக்காசு கொடுத்த சீட்டு ஒன்றே. 2014-ஆம் வருஷத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியுமுன் விற்பவரை அகற்றலாகாது என்று விதிக்கின்றது. அங்காடித் தரைக்கும் அந்நெறியையே கொள்ளுதல் நியாயம். முதலிற் கடைகாரர் பெயரோடு தரையிலிருப்பார் பெயரும் எழுதப்படுக. இடைக்காலத்து இடம், அதன் வாடகை, திரும்புங்காலம் மூன்றும் கையெழுத்திட்ட பத்திரமாய் அவர்க்கு அளிக்கப்படுக. புதிய கட்டடத்தின் எந்தப் பகுதி அவர்க்கு, எது வெளியார்க்கு என்பதும் படத்திலேயே குறிக்கப்படுக.

அப்படத்தை இணையத்தில் மட்டும் வெளியிடாது, அங்காடி வாயிலிலும் தமிழில் ஒட்டுதல் வேண்டும். விசாரணைக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைப்பதும் கூடாது. மீன் கூடைகள் காலியாவது பிற்பகலில்.