படியில் கவனம்!

நம் ஊரில் ஒரு மாத்திரையை ஆரம்பிக்கத்தான் டாக்டர் வேண்டும். நிறுத்துவதற்கு யார் வேண்டுமானாலும் போதும். மாமா போதும். மெடிக்கல் ஷாப் அண்ணன் போதும். லிஃப்ட்டில் கூட வருகிற, பெயர்கூடத் தெரியாத மூன்றாவது மாடி ஆசாமி போதும். 'என்ன ஸார், இந்த வயசுல மாத்திரையா? தூக்கிப் போட்டுட்டு நாலு நாள் வாக்கிங் போங்க!' என்று தரை தளம் வருவதற்குள் வைத்தியத்தை முடித்துவிடுவார்.

ஜலதோஷ மாத்திரை என்றால் போகட்டும், விட்டுவிடலாம். மனச்சோர்வுக்குச் சாப்பிடுகிற மாத்திரை விஷயத்தில் இந்த லிஃப்ட் வைத்தியம் ஆபத்து. இதைப் பற்றி ஒரு பி.காம். எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். இதில் ஒரு தேய்மானக் கணக்கு இருக்கிறது. அது எங்கள் ஏரியா.

முதலில், யார் நிறுத்துகிறார்கள்? எனக்குத் தெரிந்து நாலு கோஷ்டி.

ஒன்று, 'சரியாயிடுச்சு' கோஷ்டி. தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது, மேனேஜரைப் பார்த்தால் அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. அப்புறம் எதுக்கு மாத்திரை? (சரியானதே மாத்திரையால் இருக்கலாம் என்பது இவர்களுக்குத் தோன்றாது.)

இரண்டு, 'சைடு எஃபெக்ட்' கோஷ்டி. எடை ஏறும். வெளியே சொல்ல முடியாத படுக்கையறைச் சங்கடங்களும் உண்டு. டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தரலாம். ஆனால் கன்ஸல்ட்டிங் ரூமில் வாய் வராது. வீட்டுக்கு வந்து மாத்திரையைக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள்.

மூன்று, 'தீர்ந்துபோச்சு' கோஷ்டி. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அட்டையில் ரெண்டுதான் பாக்கி. அங்கே பிரிஸ்கிரிப்ஷன் கேட்பார்கள். பரவாயில்லை, வந்து பார்த்துக்கலாம்.

நாலாவது, 'பெண் பார்த்தாச்சு' கோஷ்டி. என் நண்பர் இந்த வகை.

வயது 30. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். ஒன்றரை வருஷமாக எஸ்சிட்டலோப்ராம், தினம் 20 மில்லிகிராம். நன்றாகத்தான் இருந்தார். நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்த அன்று ராத்திரி அம்மா பீரோவைத் திறந்து அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு வீட்டுக்காரங்க கண்ணுல இது பட்டா என்னடா சொல்றது?" என்றிருக்கிறார். அன்றோடு ஸ்டாப்.

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பல்லாவரம் பாலத்தில் பைக் ஓட்டும்போது ரோடு சாய்ந்தது. கண்ணை இடது பக்கம் திருப்பினால் மண்டைக்குள் 'ஸ்ஸ்ட்' என்று ஒரு கரன்ட். திரும்ப வலது பக்கம், இன்னொரு கரன்ட். வயிற்றைப் புரட்டல், வியர்வை, விடிய விடியக் கெட்ட கனவு. டி.வி. விளம்பரத்தில் குழந்தை சிரித்தால் இவருக்கு அழுகை. ஆபீஸில் பத்து ரூபாய் டாலி ஆகவில்லை என்று ஜூனியர் பையன் மேல் ஃபைலை வீசியிருக்கிறார்.

அம்மா, "கண்ணு பட்டிருக்கு" என்று மிளகாய் சுற்றிப் போட்டார். காது டாக்டர் காதைப் பார்த்து, காது நன்றாக இருக்கிறது என்றார். எட்டாம் நாள் நண்பர் எனக்கு போன் பண்ணி, "திரும்பி வந்துடுச்சுப்பா. நான் சரியாகவே மாட்டேன். அந்தப் பொண்ணு வாழ்க்கையையும் எதுக்குக் கெடுக்கணும், நிச்சயத்தை நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார். குரல் சரியில்லை. நான் ஆட்டோ பிடித்துப் போய், அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடவே இல்லை. "மாத்திரையை நிறுத்தினீங்களா?" என்றார்.

"ஆமா, டாக்டர்."

"எத்தனை நாளா?"

"எட்டு நாள்."

"கரன்ட் அடிக்குதா?"

நண்பர் நாற்காலியிலிருந்து ஏறக்குறைய எழுந்துவிட்டார். அதை அவர் இன்னும் சொல்லவே இல்லை!

"இது உங்க வியாதி இல்லை. மாத்திரையைப் பட்டுனு விட்டதால வந்தது. நாளைக்கே நிச்சயத்தை நிறுத்தாதீங்க. மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிங்க."

மூன்றே நாளில் ரோடு நேரானது.

இது ஒன்றும் புது சமாசாரம் இல்லை. இமிப்ரமின் என்கிற ஆதிகாலத்து மனச்சோர்வு மருந்து 1950-களின் கடைசியில் வந்தது. அதை நிறுத்தினால் உடம்பு படுத்துகிறது என்று 1959-லேயே டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். 60 வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம், நம் லிஃப்ட் ஆசாமிக்கு மட்டும் தெரியவில்லை.

'அப்போ இது போதைதானே?' என்று உடனே ஒரு குரல் வரும். இல்லை. போதை என்றால் மனசு அதைத் தேடும், அளவு ஏறிக்கொண்டே போகும். எஸ்சிட்டலோப்ராம் கிடைக்கவில்லை என்று யாரும் சந்துக்குள் ஏங்கி நிற்பதில்லை. இது உடம்பு பழகிப்போன கதை. தினம் இரண்டு வேளை ஃபில்டர் காபி குடிக்கிறவர் ஏகாதசி விரதம் என்று திடீரென நிறுத்தினால் சாயங்காலம் மண்டை பிளக்குமே, அந்த ஜாதி. சில ரத்த அழுத்த மாத்திரைகளைக்கூடப் பட்டென்று நிறுத்தக் கூடாது. அதற்காக பி.பி.காரரை யாரும் போதை ஆசாமி என்று சொல்வதில்லை.

எந்த மாத்திரை என்பதையும் பார்க்க வேண்டும். ஃப்ளுவாக்ஸெட்டின், ஊரிலிருந்து வந்த பெரியப்பா மாதிரி. 'கிளம்பறேன், கிளம்பறேன்' என்று வாரக்கணக்கில் உடம்பில் தங்கிவிட்டுத்தான் போகும். அதனால் தொந்தரவு பொதுவாகக் குறைவு, வந்தாலும் தாமதமாக வரும். பராக்ஸெட்டினும் வென்லாஃபாக்ஸினும் கூரியர் பையன் மாதிரி. பெல் அடிப்பார், கையெழுத்து வாங்குவார், திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம்.

தேய்மானம் போட இரண்டு முறை உண்டு. பத்தாயிரம் ரூபாய் மெஷின். வருஷா வருஷம் இரண்டாயிரம் கழித்து ஐந்தாவது வருஷம் பூஜ்யமாக்குவது நேர்கோட்டு முறை. மீதி இருக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கழிப்பது குறைந்து செல் இருப்பு முறை. இதில் 40 சதவீதம் என்றால் முதல் வருஷம் 4,000, அடுத்து 2,400, அடுத்து 1,440... கழிவு சின்னதாகிக்கொண்டே போகும்.

மாத்திரையைக் குறைப்பதற்குப் பலர் நேர்கோட்டு முறையைத்தான் பிடிக்கிறார்கள். 20, 15, 10, 5, பூஜ்யம். பார்க்க அழகு. ஆனால் மூளை இந்த லெட்ஜரை ஒப்புக்கொள்வதில்லை.

சிட்டலோப்ராம் என்கிற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள் (நண்பர் மாத்திரையின் அண்ணன்). மூளையில் செரடோனின் என்கிற ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாசல்கள் இருக்கின்றன. அவற்றை அடைப்பதுதான் இந்த மருந்தின் வேலை. 20 மில்லிகிராமில் சுமார் 80 சதவீத வாசல்கள் அடைபடுகின்றன. 5 மில்லிகிராமில்? 20 சதவீதம் என்று நினைத்தால் தப்பு. சுமார் 60!

ஆக, 20-லிருந்து 5 வரை இறங்கும்போது, மருந்தில் முக்கால்வாசி போய்விட்டது. வேலையில் கால்வாசிதான் குறைந்திருக்கிறது. நோயாளி, 'அட, இவ்வளவுதானா!' என்கிறார். மிச்சம் இருக்கிற அந்தத் துக்கடா 5-ஐ ஒரே நாளில் விடுகிறார். 60 சதவீதமும் ஒரே இறக்கம்! முதல் மூன்று படி சாதாரணப் படி. கடைசிப் படி மட்டும் ஆளுயரம். அங்கேதான் கால் பிசகுகிறது.

அதனால், கீழே போகப் போகக் கழிவைச் சின்னதாக்க வேண்டும் என்று 2019-ல் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்கிற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் லான்செட் சைக்கியாட்ரி இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதாவது ஏறக்குறைய நம் குறைந்து செல் இருப்பு முறை. கடைசிப் பூஜ்யத்துக்கு முன்னால் மில்லிகிராமின் பின்னங்கள்கூட வரலாம். எல்லோருக்கும் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. சிலருக்கு நாலு வாரம் போதும். சிலருக்குப் பல மாதம் ஆகும். எது உங்களுக்கு என்பதை உங்கள் டாக்டர்தான் உங்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல முடியும்.

பயப்படுத்துகிறேனா? இல்லை, நம்பர் இருக்கிறது. 2024-ல் அதே இதழில் 79 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். நிஜ மாத்திரையை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு. சும்மா டம்மி மாத்திரையை நிறுத்தியவர்களில் 17 சதவீதம் பேருக்கும் தொந்தரவு! பயமே பாதி கரன்ட் கொடுக்கும் போலிருக்கிறது. கழித்துப் பார்த்தால், மருந்தை நிறுத்தியதால் மட்டும் அவதிப்படுகிறவர் ஆறேழு பேரில் ஒருவர். கடுமையாக அவதிப்படுகிறவர் சுமார் 35-ல் ஒருவர். வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இது கூடுதலாக இருக்கலாம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

சரி, வந்திருப்பது நிறுத்தின தொந்தரவா, பழைய வியாதியா? நண்பர் மாட்டிக்கொண்டது இங்கேதான். நிறுத்தின தொந்தரவு பெரும்பாலும் சில நாட்களுக்குள் ஆஜர் ஆகும். தலைசுற்றல், கரன்ட், குமட்டல் என்று உடம்பு சமாசாரங்களும் சேர்ந்து வரும். மாத்திரையைத் திரும்பப் போட்டால் சீக்கிரமே அடங்கும். பழைய வியாதி சத்தமில்லாமல், வாரங்கள் மாதங்கள் கழித்து வரும். எதிலும் பிடிப்பில்லாமல் போகும். குளிக்கக்கூடத் தோன்றாது. மாத்திரை போட்டாலும் சரியாக வாரங்கள் பிடிக்கும்.

வியாதி திரும்பவே திரும்பாது என்றும் சொல்ல மாட்டேன். பாலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டக் கூடாது. 2021-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருந்த 478 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு வருஷத்துக்குள் மனச்சோர்வு திரும்பியது, மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. மெதுவாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு. நிறுத்தியும் நன்றாக இருந்தவர்கள் நூற்றுக்கு 44 பேர். தொடர்ந்தும் விழுந்தவர்கள் 39 பேர். ஆக, நிறுத்துவது துணிச்சலும் இல்லை, தொடர்வது கோழைத்தனமும் இல்லை. யோசித்து எடுக்க வேண்டிய முடிவு, அவ்வளவுதான்.

முடிவு எடுத்தவர்களுக்குச் சில யோசனைகள்:

சரியானபின் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் நீளும்.

மார்ச் மாதம் ஆரம்பிக்காதீர்கள். ஆடிட், கல்யாணம், வீடு மாற்றல், புது வேலை எல்லாம் முடியட்டும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது குறைப்பதாகாது. சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் அது தினசரி ஏற்ற இறக்கம்தான்.

மெதுவாகக் கரைகிற வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

ஒரு டயரியில் தேதி, அளவு, தூக்கம், மூடு என்று நாலு காலம் போட்டு எழுதுங்கள். தாங்க முடியவில்லையென்றால் டாக்டரிடம் சொல்லி முந்தைய அளவுக்குப் போய்க் கொஞ்சம் நின்று இறங்கலாம். அது தோல்வி இல்லை.

பதற்றத்துக்கென்று அல்ப்ரஸோலாம், குளோனஸெபாம் மாதிரியும் கூடவே கொடுத்திருந்தால் அது வேறு கேஸ். பட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டரைக் கேட்காமல் கைவைக்கவே வேண்டாம்.

வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும். செத்துப்போகலாமா என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் அன்றைக்கே டாக்டர். ராத்திரி இரண்டு மணியானாலும் 14416, டெலி மானஸ். காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

நண்பர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நிச்சயத்துக்கு முன்னாலேயே ஒரு காபி ஷாப்பில் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஸ்பூனைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "டாக்டர்கிட்ட அடுத்த தடவை போகும்போது நானும் வரலாமா?" என்று கேட்டாராம். கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் சாவகாசமாகக் குறைக்க ஆரம்பித்து ஏழு மாதத்தில் முடித்தார். கடைசி இரண்டு மாதம் துணுக்குத் துணுக்காக. டயரியில் காலம் போட்டது அவர் மனைவி. அவரும் காமர்ஸ்.

எனவே, அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது, 'இதை எப்போ, எப்படி டாக்டர் நிறுத்தறது?' என்று தைரியமாகக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். ஃபீஸும் அதேதான்.