வழங்கியின் கொள்ளளவும் கணினித்தமிழ்க் கல்வியும்

முன்னுரை

தமிழாய்வுக்குரிய மூலங்கள் பெருமளவு மின்வடிவம் பெற்றுவிட்டன. 1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும், 2001இல் நிறுவப்பெற்றுப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் இதற்கு வழியமைத்தன. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக்குழு 2009இல் வகுத்த விதி, ஷோத்கங்கா களஞ்சியத்தை ஆய்வாளர்க்கு இன்றியமையாததாக்கியது. வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை முதலிய திண்டுக்கல் வட்டார ஊர்களிலிருந்து ஆய்வு செய்வோர் பலருக்குக் கைப்பேசியில் திறக்கும் மின்னகமே முதல் நூலகம். அது திறவாத நாளில் அவர்தம் ஆய்வும் தடைப்படுகிறது. ‘கணினியின் திறன் போதவில்லை’ என்பதே இதற்கு வழக்கமாகக் கூறப்பெறும் காரணம். பல வேளைகளில் அக்காரணம் முழுமையானதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

வன்பொருளும் மென்பொருளும்

கண்மாயில் எவ்வளவு நீர் இருப்பினும் மதகு திறக்கும் அளவே வயலுக்குப் பாயும். நீரிருப்பைப் பார்த்து மதகைத் திறப்பவர் நீர்பாய்ச்சி. வழங்கி எனப்பெறும் சர்வரிலும் இத்தகைய அளவீடு உண்டு. செயலியின் உள்ளகங்களும் நினைவகமும் நீரிருப்பு. ஒரே நேரத்தில் எத்தனை வேண்டுகோள்களை ஏற்பது என்னும் வரம்பு மதகு.

சில மென்பொருள்கள் இவ்வளவீட்டைத் தாமே செய்துகொள்கின்றன. என்ஜின்எக்ஸ் என்னும் வலைவழங்கி மென்பொருளில் ‘ஆட்டோ’ என அமைத்தால், கணினியில் உள்ள உள்ளகங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணிச்செயல்களை அது தொடங்கும். வேறு சில, நிறுவியவர் எழுதிவைத்த எண்ணையே பின்பற்றும். அப்பாச்சியின் ‘பிரீஃபோர்க்’ முறையில் ஒரு வேண்டுகோளுக்கு ஒரு பணிச்செயல் தேவை. அதன் முன்னிருப்பு வரம்பு 256. ஒவ்வொன்றும் 50 எம்பி நினைவகம் கொள்வதாகக் கொண்டால், 256க்கும் 12,800 எம்பி வேண்டும். 4 ஜிபி நினைவகமுள்ள கணினி அதனைத் தாங்காது. வன்தட்டை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கிச் செயலிழக்கும் நிலையை எய்தும். பிற பணிகளுக்கு 1 ஜிபி ஒதுக்கினால் அக்கணினிக்கு ஏற்ற வரம்பு ஏறத்தாழ 60 மட்டுமே. மாறாக, 64 ஜிபி கணினியிலும் அதே 256 என்னும் வரம்பு நீடித்தால் பெரும்பகுதி நினைவகம் பயனின்றிக் கிடக்கும்.

தரவுத்தளங்களுக்கும் இது பொருந்தும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் பொது இடைநினைவக ஒதுக்கீடு முன்னிருப்பாக 128 எம்பி. தரவுத்தளத்திற்கெனவே உள்ள கணினியில் நினைவகத்தின் கால்பங்கை ஒதுக்குதல் தகும் என்பது அதன் ஆவணங்களின் பரிந்துரை. அதனைப் படித்து மாற்றுபவர் இல்லையெனில் புதிய கணினியும் பழைய அளவிலேயே இயங்கும்.

இக்கட்டுரையாளர் பயன்படுத்திய மின்னகம் ஒன்றில் இதுவே நேர்ந்தது. பன்மடங்கு நினைவகம் கொண்ட புதிய கணினி வாங்கப்பெற்றது. பழைய கணினியின் அமைவுக்கோப்பு அப்படியே படியெடுக்கப்பெற்றமையால் தேடல் முன்போலவே பாதியில் நின்றது. கோப்பில் சில எண்களைத் திருத்தியபின் பக்கங்கள் தடையின்றித் திறந்தன.

தானியங்கு அமைப்பே போதுமா?

‘ஆட்டோ’ என எழுதிவிட்டால் சிக்கல் தீரும் எனக் கருதுதல் பொருந்தாது. ஒரே கணினியைப் பலர் பகிரும் கொள்கலன் முறையில், தமக்குப் பங்கிடப்பெற்றது இரண்டு உள்ளகங்களின் திறனே ஆயினும், சில மென்பொருள்கள் கணினி முழுமையின் உள்ளகங்களையும் எண்ணிப் பணிச்செயல்களைப் பெருக்கிவிடும். ஆகவே மென்பொருளின் கணக்கை மனிதர் சரிபார்த்தல் வேண்டும்.

தமிழ்த்துறையின் பங்கு

இது பொறியாளர் பணி, தமிழாய்வாளர்க்கு இதில் என்ன பங்கு எனும் வினா எழலாம். வழங்கியின் சுமையை அதில் ஏற்றப்படும் தரவின் இயல்பும் தீர்மானிக்கிறது. அவ்வியல்பை அறிந்தவர் தமிழாய்வாளரே. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 பைட்டுகள் கொள்ளும். எனினும் திருக்குறள் 1330 குறளும் எழுத்துவடிவில் 1 எம்பியை எட்டா. அதே நூலின் வருடிய பக்கப்படங்கள் பன்மடங்கு இடங்கொள்வதோடு, எழுத்துணரி வழி மாற்றப்படாதவரை சொல்தேடலுக்கும் உதவா. எதனைப் படமாக, எதனை எழுத்தாக வழங்குவது என்பது பதிப்பாய்வு சார்ந்த முடிவு. அதுவே வழங்கியின் சுமையையும் முடிவுசெய்கிறது.

முடிவுரை

கணினித்தமிழ்ப் பாடங்கள் எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. வழங்கியின் இயக்கம் குறித்த அடிப்படை அலகு ஒன்று அவற்றில் சேர்க்கப்பெற வேண்டும். நிதிநல்கை பெறும் ஒவ்வொரு மின்னகத் திட்டமும் தன் கணினியின் அளவையும் அமைவு வரம்புகளையும் அறிக்கையில் பதிவுசெய்தல் வேண்டும். புதிய கணினி கேட்டு விண்ணப்பிக்குமுன், இருக்கும் கணினி முழுமையாகப் பயன்படுகிறதா என வினவ அப்பதிவே துணைசெய்யும். சுவடியைக் கறையானிடமிருந்து காத்தலைத் தன் கடமையெனக் கொண்ட தமிழ்த்துறை, அதன் மின்படி படிப்பவரைச் சென்றடைவதையும் தன் கடமையாகவே கொள்ளுதல் தகும்.