14 வயதோடு முடியும் உரிமை!

ஆரணிப் பட்டு! பெயரைக் கேட்டாலே பெண்டிர் முகம் மலரும். புவிசார் குறியீடு பெற்ற பட்டு. மணமேடையிலே மின்னும் பட்டு. அந்தப் பட்டை நெய்பவன் வீட்டுப் பிள்ளை உடுத்துவது எதை? அரசு தந்த சீருடையை! இழிவென்று எண்ணாதீர், தோழர்களே! அதுதான் அவனுக்குப் பட்டாடை. அதை அணிந்து அவன் போவது தறிக்குழிக்கு அல்ல, அரசு மேல்நிலைப் பள்ளிக்கு!

அந்த மாணவனின் நாள் எப்படிக் கழிகிறது? விடியுமுன் தார் சுற்ற வேண்டும். தெருவிலே பாவு நீட்டும் நாளென்றால், அறுந்த இழைக்கு முடிபோட அவன் விரலும் வேண்டும். கரை ஒரு வண்ணம், உடல் ஒரு வண்ணம் என்று கோர்வைச் சேலை நெய்யத் துணையாள் தேவை. துணையாளுக்குக் கூலி தர வழியற்ற வீட்டிலே, மகன்தான் துணையாள். மகன் இல்லையேல் மகள். மாலையிலே கணக்குப் புத்தகத்தை விரித்தால், பக்கத்திலே நாடாவின் ஓசை. தலைக்கு மேலே முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தொங்குகிறது.

எட்டாம் வகுப்பு வரை எப்படியோ ஓடுகிறது. ஒன்பதிலே வருகிறது சோதனை. பிள்ளை வளர்ந்துவிட்டான், கை நீண்டுவிட்டது, கால் தறிமிதிக்கு எட்டிவிட்டது. “படித்தது போதுமே” என்கிறது வறுமை. அந்த வேளையிலே சட்டம் என்ன செய்கிறது? அதுவும் “போதும்” என்கிறது!

ஆம்! 2002-ல் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கினார்கள். 2009-ல் அதற்கென ஒரு சட்டமும் செய்தார்கள். யாருக்கு? 6 முதல் 14 வயது வரை உள்ளோருக்கு! உயர்நிலைப் பள்ளியின் வாசலிலே வந்து நின்றுவிடுகிறது அந்த உரிமை.

2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, அபாயமற்ற குடும்பத் தொழிலிலே, பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலே, 14 நிரம்பாத பிள்ளையும் ‘உதவலாம்’ என்கிறது. 14 கடந்துவிட்டால், அபாயத் தொழில் தவிர மற்றதெல்லாம் செய்யலாமாம்!

பள்ளி கொஞ்சம், தகப்பன் தொழில் கொஞ்சம். எங்கேயோ கேட்ட குரலாக இல்லையா? 1953-ல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அதுதானே! நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதிப் பொழுது பெற்றோர் தொழில். குலக்கல்வி என்று தமிழகம் அதற்குப் பெயரிட்டது, கொதித்தெழுந்தது. 1954-ல் காமராசர் ஆட்சியிலே அது கைவிடப்பட்டது. அன்று தலைவாசல் வழியே விரட்டியதைக் கொல்லைப்புறத்தால் அழைப்பதா?

அமெரிக்காவைப் பார் என்பார் சிலர். பார்ப்போமே! புறநகர்ப் பள்ளியிலே மஞ்சள் பேருந்து உண்டு, பரந்த விளையாட்டுத் திடல் உண்டு. ஆனால் அங்கே பள்ளிச் செலவில் பெரும்பங்கு அந்தந்த வட்டாரத்துச் சொத்துவரியால் நடக்கிறது. செல்வர் பேட்டையிலே செழிப்பு, ஏழைப் பேட்டையிலே இளைப்பு! கல்வி தேசிய அரசியல் சட்டம் தந்த அடிப்படை உரிமையல்ல என்று 1973-ல் அந்நாட்டுத் தலைமை நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆயினும் மாநிலத்துக்கு மாநிலம் 16 முதல் 19 வயது வரை அங்கே கல்வி கட்டாயம். அங்கே உரிமை இல்லை, கட்டாயம் நீள்கிறது. இங்கே உரிமை உண்டு, 14-லே முறிகிறது!

“எல்லோரும் படித்தால் கைத்தொழில் அழியாதோ?” என்று கண்ணீர் வடிப்பார் சிலர். அவர்கள் வீட்டுப் பிள்ளை எந்தத் தறியிலே இருக்கிறான் என்று கேட்க மாட்டோம், பண்பல்ல. ஒன்று மட்டும் சொல்வோம். சேலத்திலே கைத்தறித் தொழில்நுட்பக் கல்விக்கூடம் இருக்கிறது. அங்கே பட்டயப் படிப்பிலே சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நெசவிலே நிபுணனாவதற்கும் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டியாக வேண்டும்! சாயத்தின் சூட்சுமம் வேதியியலில் இருக்கிறது. சேலையின் பூவேலை இன்று கணினியில் பிறக்கிறது. தொழிலை அழிப்பது படிப்பல்ல, கட்டுப்படியாகாத கூலி!

தமிழ்நாடு தன்னால் ஆனதைச் செய்தது. 2020-ல் மருத்துவக் கல்லூரியிலே அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2022-ல், உயர்கல்வி சேரும் அரசுப் பள்ளி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே படித்தவர்க்கென வகுத்தவை இவை. ஒன்பதிலே நின்ற பிள்ளைக்கு இவற்றால் பயன் என்ன?

எனவே கேட்கிறோம். மத்திய அரசே, கல்வி உரிமையை 18 வயது வரை நீட்டு! பட்டு முதலாளிகளே, முன்பணத்துக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை ஈடு கேட்காதீர்! நெசவுத் தோழனே, இன்னும் நான்கே ஆண்டு பொறுத்துக்கொள். படித்து முடித்த பின் உன் பிள்ளை தறியிலே அமரட்டும், தலைமைச் செயலகத்திலே அமரட்டும். அமரும் இடத்தைத் தேர்வது அவனாக இருக்கட்டும். அவன் பிறப்பாக இருக்க வேண்டாம்!