தாலி கட்டும் நேரத்தில் திரை இருண்டால்

கெட்டி மேளம் முழங்குகிறது. மண்டபத்தில் எண்ணூறு பேர் எழுந்து நிற்கிறார்கள். மணமேடையைச் சுற்றி உறவினர்களும் புகைப்படக்காரர்களும் மதில்போல் நிற்க, பின்வரிசைக்காரர்களுக்குக் கண்ணில் படுவது மேடையின் இருபுறமும் உள்ள எல்இடி திரை மட்டும்தான். சரியாக அந்த நேரம் பார்த்துத் திரை இருள்கிறது. மிக்ஸர் மேசையில் இருப்பவர் குனிந்து ஏதோ ஒரு கேபிளை அசைக்கிறார். படம் வருகிறது, மறுபடியும் போகிறது. வெளிநாட்டில் விடிய விடிய விழித்திருந்து யூடியூபில் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணனுக்குத் தங்கையின் கழுத்தில் தாலி ஏறியது தெரியவே இல்லை. அட்சதை போட்டு முடிந்த பிறகு படம் தெளிவாக வருகிறது.

அப்புறம் நடப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "என்னங்க கேமரா வச்சிருக்கீங்க?" என்று பெண்ணின் மாமா கேட்பார். கேமராவின் மேல் எந்தக் குற்றமும் இருக்காது. மேடைக்கும் மிக்ஸருக்கும் நடுவே ஜமக்காளத்துக்கு அடியில் ஓடும் முப்பது மீட்டர் கேபிளின் மேல் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

நேரலை என்பது தமிழ்நாட்டில் வசதியானவர்களின் ஆடம்பரமாக இருந்த காலம் போய்விட்டது. 2020 மே 4 அன்று மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பொதுமுடக்கத்தால் பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் நேரலையானது. அந்த ஆண்டு மார்கழிக் கச்சேரிகளும் கணினித் திரைக்கு இடம் மாறின. அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. இன்று சின்ன ஊர்க் கல்யாணத்திலும் மூன்று கேமரா, ஒரு கிரேன், ஒரு மிக்ஸர். கேமராவின் பெயரைச் சொல்லி, ட்ரோன் உண்டா, 4கே உண்டா என்று பேரம் பேசுகிறார்கள். கேபிள் என்ன போடுவீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காததைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வாடகைக்காரருக்கும் இல்லை.

பிரச்சினையின் வேர் எச்டிஎம்ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்தில் இருக்கிறது. 2002 டிசம்பரில் இதன் முதல் பதிப்பு வந்தபோது, உருவாக்கிய நிறுவனங்களின் மனதில் இருந்தது வரவேற்பறை. டிவிடி பிளேயரிலிருந்து தொலைக்காட்சிக்கு ஓரிரு மீட்டர் கேபிள். அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது. 19 ஊசிகள், மெல்லிய தகடு, பூட்டிக்கொள்ள ஒரு கொக்கிகூடக் கிடையாது, இழுத்தால் கழன்றுவிடும். வீட்டில் யார் இழுக்கப் போகிறார்கள்? மண்டபத்தில் பூ அலங்காரக்காரர் ஏணியோடு வருவார், பந்திக்காரர்கள் சாம்பார் வாளியோடு ஓடுவார்கள், குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடும். கேமராக்களில் இருப்பதோ இன்னும் சிறிய மினி, மைக்ரோ துளைகள். ஒருமுறை ஓங்கி இழுபட்டால் கேபிளோடு கேமராவின் போர்டும் போயிற்று.

தூரமும் எச்டிஎம்ஐக்கு எதிரி. முழு எச்டி படத்துக்குச் செம்பு எச்டிஎம்ஐ கேபிள் நடைமுறையில் பத்து, பதினைந்து மீட்டர் வரை பிழைக்கும். நொடிக்கு 60 ஃப்ரேம் 4கே என்றால் ஐந்து மீட்டருக்கு மேல் நம்பிக்கை வைப்பது வீண். இன்னொரு குணமும் உண்டு. இந்த இணைப்பில் இரு முனைக் கருவிகளும் முதலில் ஒன்றோடொன்று பேசி, "உன்னால் எந்தப் படத்தைக் காட்ட முடியும்" என்று விசாரித்துக்கொண்ட பிறகே படம் ஓடும். நடுவே தொடர்பு அறுந்தால் மறுபடியும் அந்த விசாரணை. தாலி கட்ட ஆகும் நேரம் அதற்குள் முடிந்துவிடும்.

தொலைக்காட்சி நிலையங்கள் இந்த வம்புக்கே போவதில்லை. அவர்களுக்கு எஸ்டிஐ இருக்கிறது. நடுவில் ஒற்றைச் செம்புக் கம்பி, அதைச் சுற்றி நுரை, அதன்மேல் ஈயத்தாள்போல் அலுமினியப் படலம், அதற்கும் மேல் பின்னிய செம்பு வலை. முனையில் திருகிப் பூட்டும் பிஎன்சி கனெக்டர். பேச்சுவார்த்தை கிடையாது, ஒரு முனை அனுப்பும், மறுமுனை வாங்கும். கழன்று மறுபடி மாட்டினால் உடனே படம். எச்டி எஸ்டிஐ தரம் 1998-லேயே வகுக்கப்பட்டது. நொடிக்கு 148.5 கோடி பிட் என்ற வேகத்தில், பெல்டன் 1694ஏ போன்ற நல்ல கேபிளில் நூறு மீட்டர் வரை படம் போகும். இருமடங்கு வேகமுள்ள 3ஜி எஸ்டிஐயில் அது எழுபது, எண்பது மீட்டராகக் குறையும். எந்தக் கல்யாண மண்டபத்துக்கும் இது தாராளம்.

வீடியோ கேசட் காலத்திலிருந்து தொழிலில் இருக்கும் பெரியவர்கள் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். "முப்பது வருஷமா இதே கேபிள்தான் போடுறேன்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அன்றைய அனலாக் படம் கேபிளைக் கேட்டது ஐந்து மெகாஹெர்ட்ஸ். எச்டி எஸ்டிஐயின் அடிப்படை அலைவரிசை 742.5 மெகாஹெர்ட்ஸ், ஏறக்குறைய 150 மடங்கு. மாட்டு வண்டி போன பாதையில் ரயிலை விடுவதுபோல. அந்தக் காலத்தில் கேபிள் நீண்டால் படம் கொஞ்சம் மங்கும், ஓரம் நிழலாடும், ஆனாலும் ஓடும். டிஜிட்டல் அப்படி எச்சரித்துவிட்டு விழாது. 3ஜி என்றால் எண்பது மீட்டரில் பளிங்குபோல் இருக்கும். எண்பத்தைந்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மின்னும். தொண்ணூறில் கறுப்பு. அந்த மின்னும் புள்ளிகளைப் பார்த்து "பரவாயில்லை, ஓடுது" என்று விடுபவர் பள்ளத்தின் விளிம்பில் பாய் விரித்துப் படுப்பவர்.

அதனால் கேபிளின் எல்லை எண்பது மீட்டர் என்றால் அறுபதோடு நிறுத்திக்கொள்வது புத்தி. அடிக்கடி சுருட்டி விரிக்கும் வேலைக்கு வளையக்கூடிய ரகம் வேண்டும். அதன் தூரம் திடக் கம்பி ரகத்தைவிடக் குறைவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் போய் "எஸ்டிஐ கேபிள்" என்று கேட்டால் பல விலையில் கிடைக்கும். எல்லாமே வெளியே பார்க்க ஒன்றுபோல் கறுப்புதான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. டிஷ் ஆன்டெனாவுக்கு வரும் ஆர்ஜி-6 கேபிளில் நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு. டிஷ்ஷுக்கு அது போதும். உயர் அலைவரிசை கம்பியின் மேல்தோலில்தான் ஓடும் என்பதால் உள்ளே இரும்பு இருப்பது அதற்குத் தெரியாது. ஆனால் எஸ்டிஐ சமிக்ஞையில் தாழ் அலைவரிசைப் பகுதியும் கலந்திருக்கிறது. அதற்கு முழுச் செம்பு வேண்டும். சோதனை மிக எளிது: நுனியைச் சீவிக் காந்தத்தைக் காட்டினால் இரும்பு ஒட்டிக்கொள்ளும். செம்பு பூசிய அலுமினியம் காந்தத்துக்குச் சிக்காது. அதைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும். கண்காணிப்பு கேமராவுக்கு விற்கும் 3+1 கேபிளை இந்த வேலைக்கு இழுப்பது, அங்கங்கே நடந்தாலும், தற்கொலைக்குச் சமம். 50 ஓம் ரேடியோ கேபிளும் அப்படியே. பிஎன்சி அதிலும் மாட்டும் என்பதால் அது பொருந்திவிட்டதாக ஆகாது. வீடியோவுக்கு 75 ஓம். கேபிள் நுனியில் கையால் திருகி ஏற்றும் மலிவுக் கனெக்டர் வேண்டாம்; உரிய கருவியால் அழுத்தி நெரித்த கனெக்டர்தான் நிலைக்கும்.

இவ்வளவு சொன்னாலும் "கஸ்டமர் 4கே கேக்குறாங்களே" என்பதுதான் பதிலாக வரும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. மேடையருகே வைக்கும் 12க்கு 8 அடி எல்இடி திரை, பி3 ரகம் என்று கொள்வோம். புள்ளிக்குப் புள்ளி 3 மில்லிமீட்டர். 12 அடி என்பது 3,658 மில்லிமீட்டர். குறுக்கே ஏறக்குறைய 1,219 புள்ளிகள், உயரத்தில் 813. முழு எச்டி படத்துக்கு வேண்டியது 1,920க்கு 1,080. அதாவது இந்தத் திரையால் எச்டியையே முழுதாகக் காட்ட முடியாது. அதற்கு 4கே அனுப்ப நொடிக்கு 1,188 கோடி பிட்டைச் சுமக்கும் 12ஜி எஸ்டிஐ கேபிளைத் தேடி அலைவது, படிக்குள் மரக்கால் அரிசியைக் கொட்டப் பார்ப்பது. 4கே வேண்டுமென்றால் கேமராவுக்குள் இருக்கும் கார்டில் பதியட்டும். ஆல்பத்துக்கும் படத்தொகுப்புக்கும் அது உதவும். கேபிளில் எச்டி போதும். வேகத்தைப் பாதியாக்கினால் அதே கேபிள் கூடுதல் தூரம் போகும் என்பதைவிட மலிவான காப்பீடு இந்தத் தொழிலில் இல்லை.

நூறு மீட்டரைத் தாண்டும் இடங்கள் வேறு. தேரோட்டம், ஜல்லிக்கட்டு வாடிவாசல், பொதுக்கூட்ட மைதானம். அங்கே கண்ணாடி இழைதான் வழி. எஸ்டிஐயை ஒளியாக மாற்றும் சிறு பெட்டியை இரு முனையிலும் வைத்தால், ஒற்றைமுறை இழையில் கிலோமீட்டர் கணக்கில் படம் போகும். இரண்டு முனை எச்டிஎம்ஐயாகவும் நடுவில் இழையாகவும் இருக்கும் கேபிளும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. மெலிது, எடை இல்லை, தூரம் போகும். ஆனால் அதில் ஒரு முனை கேமராவுக்கு, மறுமுனை திரைக்கு என்று திசை குறித்திருக்கும். மாற்றிப் போட்டால் படம் வராது. நாற்காலிக் கால் நறுக்கினால் மண்டபத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது. செம்பு கோஆக்சியல் அறுந்தால் வெட்டிப் புதுக் கனெக்டர் போட ஐந்து நிமிடம். முகூர்த்த நேரத்தில் எது உதவும் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பியில்லாக் கருவிகளை நடமாடும் கிம்பல் கேமராவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆயிரம் கைப்பேசிகள் நெரியும் கூடத்தில், கருவிக்கு முன்னால் நான்கு பேர் வந்து நின்றாலே அது தடுமாறும்.

இன்னொரு ஆபத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எல்இடி திரைக்கு மின்சாரம் வாசலில் நிற்கும் ஜெனரேட்டரிலிருந்து. மிக்ஸருக்கு மண்டபத்துப் பிளக்கிலிருந்து. இரண்டு எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இருந்தால், வீடியோ கேபிளின் உறை வழியாக மின்சாரம் பாயும். பிஎன்சியைத் தொட்டவுடன் சுருக்கென்று அடிப்பது அதனால்தான். ஆளுக்குச் சுருக், கருவிக்குச் சாவு. சினிமா கேமரா தயாரிக்கும் ஜெர்மனியின் ஆரி நிறுவனம் தன் பயனாளர்களுக்குச் சொல்லும் முறை ஒன்று உண்டு: முதலில் மின் இணைப்பு, அப்புறம் பிஎன்சி, கழற்றும்போது முதலில் பிஎன்சி. மண்டபத்துக்கும் அதுவே பொருந்தும். எல்லாக் கருவிக்கும் ஒரே எர்த் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் திரைக்குப் போகும் அந்த ஒரு இணைப்பையாவது முழுக் கண்ணாடி இழையாக வைத்தால் மின்சாரம் தாண்டாது. எச்டிஎம்ஐ இழைக் கேபிள்கள் பலவற்றின் உள்ளே செம்புக் கம்பியும் சேர்ந்தே ஓடுகிறது. அவற்றை இந்தக் காவலுக்கு நம்ப முடியாது.

நேரலையின் முதல் பாடமே கேபிள்தான். 1937 மே 12 அன்று ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு ஊர்வலத்தை பிபிசி ஒளிபரப்பியபோது, ஹைட் பார்க் கார்னரில் இருந்தவை மூன்றே கேமராக்கள். அங்கிருந்து அலெக்சாண்ட்ரா பேலஸ் நிலையத்துக்குப் படத்தைக் கொண்டுபோக லண்டன் நகரின் அடியில் மைல் கணக்கில் தனிக் கேபிள் புதைத்தார்கள். ஊர்வலம் முடிந்ததும் அதைச் சுருட்டி எடுக்கவில்லை. பிற்பாடு நகரத்திலிருந்து நடந்த வெளிப்புற ஒளிபரப்புகளுக்கும் அது பயன்பட்டது.

தமிழ்நாட்டு மண்டப உரிமையாளர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். குளிர்சாதனத்துக்கும் சீரியல் விளக்குக்கும் சுவருக்குள் குழாய் பதிக்கிறார்கள். வீடியோவுக்கு மட்டும் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் தரையில் இழுத்து, டேப் ஒட்டி, மறுநாள் பிய்த்து எடுக்கிறார்கள். மேடையிலிருந்து மிக்ஸர் வைக்கும் இடத்துக்கும், எல்இடி நிற்கும் மூலைகளுக்கும், சாப்பாட்டுக் கூடத்துக்கும் நான்கைந்து முழுச் செம்பு 75 ஓம் கேபிளும் ஒரு ஜோடிக் கண்ணாடி இழையும் சுவருக்குள் ஓடினால் போதும். கட்டடச் செலவில் அது பந்திச் செலவில் ஊறுகாய் அளவுகூட வராது.

கல்யாணம் பேசுபவர்களும் அடுத்த முறை வீடியோக்காரரோடு உட்காரும்போது, விலைப்பட்டியலில் கேபிளுக்கென்று தனி வரி எழுதச் சொல்லுங்கள். எத்தனை மீட்டர், என்ன ரகம், உபரியாக எத்தனை. முதல்நாள் வரவேற்புக்கு முன்பே, முழு நீளக் கேபிளையும் விரித்து, அரைமணி நேரம் படம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்காக அவர் ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.