திக்குவது ஒலி அட்டையா?

"ஐயா, உங்கட சவுண்ட் காட் போட்டுது. புதுசு போட்டால் எல்லாம் சரிவரும்."

திருகோணமலை நகரில் கணினி திருத்தும் கடையொன்றில் என் நண்பருக்குக் கிடைத்த தீர்ப்பு இது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, தண்டப்பணம் மட்டும் உண்டு. புதிய அட்டையுடன் வீடு திரும்பினார். நாதஸ்வரம் முன்போலவே திக்கித் திக்கி ஒலித்தது.

எங்கள் தலைமுறைக்கு ஒலி விட்டுவிட்டுக் கேட்பது புதிதன்று. சிற்றலை வானொலியில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல நிறுவனம்கூட இப்பகுதியில் ஓர் அஞ்சல் நிலையத்தைப் பல ஆண்டுகள் நடத்தி, 2013 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளித்தது. சிற்றலை மங்கினால் குற்றம் அயனமண்டலத்தினுடையது; பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை. அந்தப் பழக்கமோ என்னவோ, கணினி திக்கும்போதும் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு பணப்பையைத் திறக்கிறோம்.

இறுவட்டுத் தரத்து இசைக்குச் செக்கனுக்கு 44,100 மாதிரிகள் வேண்டும். இடம் வலம் இரண்டுக்குமாக 176,400 பைட். ஒலி அட்டை இவற்றைத் தேடிப்போய் எடுப்பதில்லை. கணினி ஒரு தட்டில் நிரப்பி வைப்பதை எடுத்து ஒலியாக்குகிறது. அத்தட்டுக்குப் பஃபர் என்று பெயர். ஈய எழுத்துக் காலத்து அச்சகத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அச்சுக்கோப்பாளர் முன்னே பிரதி இருக்கும்வரை அவர் கை நிற்காது. உதவி ஆசிரியர் தேநீர் குடிக்கப் போய்ப் பிரதி வராவிட்டால் கை நின்றுவிடும். அதற்காக அச்சுக்கோப்பாளரை வேலைநீக்கம் செய்த முதலாளி எவரையும் நான் கண்டதில்லை. கணினிக் கடையில் நடப்பது அதுதான்.

தட்டில் 10 மில்லி செக்கனுக்குரிய ஒலி, அதாவது 441 மாதிரிகள், இருப்பதாகக் கொள்ளுங்கள். வைஃபை இயக்கி மென்பொருள் செயலியை 20 மில்லி செக்கன் பிடித்து வைத்திருந்தால் தட்டு வெறுமையாகிவிடும். காதுக்கு அது திக்கல். மின்சேமிப்பு அமைப்பும், பின்னணியில் ஓடும் வைரஸ் தடுப்பும் இதைச் செய்யக்கூடியவை. விசிறியில் தூசி அடைத்துச் சூடேறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எங்கள் ஊர் வெயிலில் இதையும் மறக்கலாகாது.

இவற்றைச் சோதிக்க ஒரு சதமும் வேண்டாம். அதே பாட்டை வேறு கணினியில் போட்டுப் பாருங்கள். அங்கும் அதே இடத்தில் திக்கினால் பழுது கோப்பில். வைஃபையை நிறுத்திப் பாருங்கள். மின்சேமிப்பை நீக்குங்கள். பஃபரைப் பெரிதாக்குங்கள். விண்டோஸில் எந்த இயக்கி தாமதப்படுத்துகிறது என்பதை லேட்டன்சிமொன் என்ற மென்பொருள் காட்டிக்கொடுக்கும். யுஎஸ்பியிலிருந்து லினக்ஸை இயக்கும்போது அதே அட்டை ஒழுங்காகப் பாடினால் அட்டை நிரபராதி. அட்டை பழுதாவதே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் அது கடைசியாக ஐயப்பட வேண்டியது. நாம் முதலில் அதையே தூக்கிலிடுகிறோம்.

பாட்டுக் கேட்பதில் வரும் திக்கலைப் பொறுத்துக்கொள்ளலாம், மறுபடி போட்டுக் கேட்கலாம். என் கோபம் வேறோர் இடத்தில். இன்று வீடுவீடாகப் பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றுகிறார்கள். இடம்பெயர்வுகளிலும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் தப்பியவை அவற்றுள் உண்டு. பதியும்போது பஃபர் தவறினால் அந்த ஓட்டை கோப்பிலேயே விழுந்துவிடும். பின்னர் எந்தக் கணினியில் கேட்டாலும் திக்கும். காசு வாங்கிக்கொண்டு பதிந்து தருபவர்கள் ஒருதரமாவது முழுதாகக் கேட்டுப் பார்க்கிறார்களா? 'டிஜிட்டல் ஆக்கிவிட்டோம்' என்று உறையில் எழுதிக் கொடுப்பதுடன் கடமை முடிந்துவிடுகிறது. அசல் நாடாவோ குப்பைக்குப் போகிறது.

நண்பரின் கணினியில் வைஃபையை நிறுத்தியதும் நாதஸ்வரம் தடையின்றி ஓடியது. ஆனால் அவருடைய தந்தையாரின் குரல் அடங்கிய ஒலிநாடாவை அதற்கு முன்னரே அதே கணினியில் பதிந்து முடித்திருந்தார். மீண்டும் பதியலாம் என்று நாடாவை எடுத்துப் போட்டோம். பூஞ்சணம் பிடித்திருந்த அது சில நிமிடங்களில் அறுந்துபோயிற்று. அறுந்த இடத்துக்கு அப்பால் அவர் என்ன பேசினார் என்பதற்கு இப்போது அந்தத் திக்கும் கோப்புத்தான் உள்ளது.